ஊமைக்காயம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

காயங்களைப் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பலவும் ஒரே ஐயத்தைத் தொட்டிருந்தன: வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாத ஓர் அடியோ சூடோ அழுத்தமோ உடலுக்குள் எப்படி இவ்வளவு கேடு செய்கிறது? எனவே இந்த இதழில் அந்தக் கேள்விகளுக்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வயலில் டிராக்டர் கவிழ்ந்து, என் தம்பியின் இரண்டு தொடைகளும் அதனடியில் சிக்கிக்கொண்டன. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்துத்தான் மீட்க முடிந்தது. மீட்டபோது நன்றாகப் பேசினான், தண்ணீர் கேட்டுக் குடித்தான். எக்ஸ்-ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். மறுநாள் சிறுநீர் கறுத்து, பிறகு நின்றே போய்விட்டது. இப்போது டயாலிசிஸ் செய்கிறார்கள். அடிபட்டது காலில்; சிறுநீரகம் ஏன் பழுதாயிற்று? இனி வாழ்நாள் முழுவதும் டயாலிசிஸ்தானா?
– ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இவ்வகைச் சிறுநீரகச் செயலிழப்பில் ஆபத்தான முதல் நாட்களைக் கடந்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உள்புறம் படர்ந்திருக்கும் செல்களில் பல இறந்து உதிர்ந்தாலும், பிழைத்திருக்கும் செல்கள் பெருகி அந்தக் குழாய்ச் சுவரை மீண்டும் மூடிவிடும் ஆற்றல் உடையவை. ஆகவே உங்கள் தம்பிக்கு இப்போது நடக்கும் டயாலிசிஸ், அந்தச் செல்கள் வளர்ந்து முடியும் வரை உயிரைக் காக்கும் ஏற்பாடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காலில் பட்ட அடி சிறுநீரகத்தைத் தாக்கியதன் காரணம் தசைச் செல்லில் இருக்கிறது. நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் மிக மெல்லிய ஒரு சவ்வு சூழ்ந்திருக்கிறது. அதன் உள்ளே பொட்டாசியம் மிகுதி, சோடியமும் கால்சியமும் குறைவு. வெளியே இது தலைகீழ். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும்போது, தசைச் செல்லுக்குள் அது சுமார் 140 ஆக இருக்கிறது. கால்சியமோ செல்லுக்கு வெளியே உள்ளதைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே திரவத்தில் மிதக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றுவதற்காகச் செல் தன் ஆற்றலில் கணிசமான பங்கை ஓயாமல் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது.

மணிக்கணக்கில் டிராக்டரின் எடை அழுத்தும்போது இரண்டு கேடுகள் ஒன்றாக நிகழ்கின்றன. சவ்வு இழுபட்டுக் கசியத் தொடங்குவதால் சோடியமும் கால்சியமும் தண்ணீரும் உள்ளே பாய்கின்றன. ரத்த ஓட்டம் தடைப்படுவதால், அவற்றை வெளியே தள்ளுவதற்கு வேண்டிய ஆற்றலும் செல்லுக்குக் கிடைப்பதில்லை. உள்ளே மிகுந்துவிட்ட கால்சியம், புரதங்களையும் சவ்வையும் அரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. ஆனாலும் அழுத்தம் நீடிக்கும் வரை சிதைந்த செல்களின் சரக்கு பெரும்பாலும் காலுக்குள்ளேயே தேங்கிக் கிடக்கும். உங்கள் தம்பி தெளிவாகப் பேசியதன் காரணமும் அதுதான். எடையைத் தூக்கிய கணத்தில் ரத்தம் மீண்டும் காலுக்குள் பாய்கிறது. தேங்கிக் கிடந்த பொட்டாசியம், அமிலங்கள், மயோகுளோபின் என்ற தசைப் புரதம் எல்லாவற்றையும் அது உடலெங்கும் கொண்டுபோகிறது. பொட்டாசியம் திடீரென்று உயர்ந்தால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் கட்டியாகி அடைப்பதோடு, தன்னிடமுள்ள இரும்பால் அந்தக் குழாய்ச் செல்களையும் நச்சுப்படுத்துகிறது. சிறுநீர் கறுத்ததற்குக் காரணமும் இந்தப் புரதம்தான். இதற்கிடையில், சிதைந்த தசைக்குள் லிட்டர் கணக்கில் நீர் இறங்கிவிடுவதால் ரத்த ஓட்டத்தில் நீர் வற்றி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைந்துவிடுகிறது.

மருத்துவ உலகம் இதைத் தெளிவாக உணர்ந்தது இரண்டாம் உலகப் போரின்போதுதான். லண்டன் மீது குண்டுகள் விழுந்த நாட்களில், இடிபாடுகளுக்குள் பல மணி நேரம் சிக்கி மீட்கப்பட்டவர்களில் சிலர் நலமாக இருப்பதுபோலத் தோன்றி, ஒரு வாரத்துக்குள் சிறுநீரகம் நின்று இறந்தார்கள். எரிக் பைவாட்டர்ஸ், டெஸ்மண்ட் பீல் என்ற இருவர் அப்படிப்பட்ட நான்கு பேரைப் பற்றி 1941-இல் எழுதினார்கள். அப்போது டயாலிசிஸ் கருவி நடைமுறையில் இல்லை. 1999-இல் துருக்கியின் மர்மரா பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பின் இதே காரணத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 639 பேரின் விவரம் பதிவாகியிருக்கிறது. அவர்களில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. பெரும்பான்மையினர் பிழைத்தார்கள் என்பதே இந்த அறுபது ஆண்டுகளில் மருத்துவம் கற்றுக்கொண்ட பாடத்தின் பயன்.

அந்தப் பாடம் நம் ஊர்களில் இன்னும் பரவவில்லை என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. சிக்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தால் உடனே விடுவிக்க வேண்டும். ஆனால் மணிக்கணக்கில் சிக்கிக் கிடப்பவருக்கு, எடையைத் தூக்குவதற்கு முன்பே, அவர் கிடக்கும் இடத்திலேயே பொட்டாசியம் கலக்காத சலைன் ஏற்றத் தொடங்குவதுதான் இன்றைய நெறி. எனவே முதலில் 108-ஐ அழைத்து, "இத்தனை மணி நேரமாகச் சிக்கியிருக்கிறார்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலும் அந்த நேரக் கணக்கைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எலும்பு முறியவில்லை என்பது நல்ல செய்திதான். ஆயினும் தசை பிழைத்ததா என்பதை எக்ஸ்-ரே காட்டாது.

கேள்வி: ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே நெடுநேரம் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்தேன். இரண்டாம் நாள் தொடை வீங்கி, நடக்க முடியவில்லை. தசை கிழிந்தால்தான் வளரும் என்கிறார் பயிற்சியாளர். உண்மையா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பழக்கமில்லாத பயிற்சியில் தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுவதும், ஒன்றிரண்டு நாள் கழித்து வலி உச்சத்துக்கு வந்து அடங்குவதும் இயல்பு. ஆனால் தசையை வேண்டுமென்றே சிதைப்பது வளர்ச்சிக்கு வழி அல்ல. படிப்படியாகக் கூட்டப்படும் சுமையே போதும். வீக்கத்தோடு சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், முந்தைய பதிலில் சொன்ன மயோகுளோபின் அதில் இருக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குச் சென்று ரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அதுவரை வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். அவற்றுள் பல சிறுநீரகத்துக்கு மேலும் சுமையாகும்.

கேள்வி: அடிபட்ட செல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளுமா, அல்லது இறந்து புதிய செல்தான் வருமா? எங்கள் பாடநூலில் செல் இறப்பு இரண்டு வகை என்று மட்டும் இருக்கிறது.
– பிளஸ் டூ மாணவி, விருதுநகர்

பதில்: நல்ல கேள்வி. நோய் என்பது உடலில் எங்கோ பரவி நிற்கும் ஒன்று அல்ல, அது செல்களில் நிகழும் மாற்றம் என்று ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ 1858-இல் வற்புறுத்தினார். அதற்குப் பிந்தைய நோய்க்குறியியல் முழுவதும் ஒருவகையில் உன் கேள்விக்கு விடை தேடிய கதைதான்.

காயம் பட்டதும் செல் உடனே இறந்துவிடுவதில்லை. ஆக்சிஜன் கிடைக்காத செல்லை எடுத்துக்கொள்வோம். முதலில், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறின் உற்பத்தி சரிகிறது. சோடியத்தை வெளியேற்றும் பம்ப் தளர்கிறது. தண்ணீர் புகுந்து செல் வீங்குகிறது. சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துச் சமாளிப்பதால் உள்ளே அமிலம் சேர்கிறது. இதுவரை நடந்தவை அனைத்தும் திரும்பக்கூடியவை. ரத்தம் மீண்டும் வந்தால் வீக்கம் வடிந்து செல் பழைய நிலைக்கு வந்துவிடும். மைட்டோகாண்ட்ரியா மீள முடியாமல் பழுதாகி, சவ்வும் உடைந்த பிறகுதான் திரும்பும் வழி அடைபடுகிறது. மூளை நரம்புச் செல்லுக்கு அந்த அவகாசம் சில நிமிடங்களே. இதயத் தசைக்கு ஏறக்குறைய 20 முதல் 40 நிமிடம். தொடை, கைத் தசைகளுக்குச் சில மணி நேரம். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் மருத்துவர்கள் நிமிடங்களை எண்ணுவது இதனால்தான். மாரடைப்பை உறுதிசெய்யும் ட்ரோபோனின் சோதனைகூட, சவ்வு உடைந்த இதயச் செல்களிலிருந்து கசிந்த புரதத்தை ரத்தத்தில் தேடுவதே.

சவ்வில் ஏற்படும் சிறு கிழிசலைச் செல்லே ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. கிழிசல் வழியே உள்ளே பாயும் கால்சியம்தான் அதற்கு அழைப்பு மணி. அதைக் கண்டதும் செல்லுக்குள் இருக்கும் நுண்பைகள் கிழிந்த இடத்துக்கு விரைந்து, ஒன்றோடொன்று இணைந்து ஒட்டுப்போடுகின்றன. அளவோடு வந்தால் காப்பாற்றும் அதே கால்சியம், அளவு மீறினால் கொல்கிறது என்பதைக் கவனி. தசைச் செல்லில் இந்த ஒட்டுவேலைக்கு டிஸ்ஃபெர்லின் என்ற புரதம் தேவை. பிறவியிலேயே அது இல்லாதவர்களுக்கு இளமையில் தசைகள் மெல்ல மெல்ல நலிகின்றன. சிறுவர்களைத் தாக்கும் டுஷேன் தசைநலிவு நோயில் இல்லாமற்போவது வேறொரு புரதம். டிஸ்ட்ரோஃபின் என்ற அது சவ்வைத் தாங்கி நிற்பது. அது இல்லாத தசைக்கு நடப்பதும் மாடிப்படி ஏறுவதும்கூடக் காயம்தான்.

பாடநூல் சொல்லும் இரண்டு வகை இறப்புகளில் ஒன்று நெக்ரோசிஸ்: செல் வீங்கி வெடித்து, உள்ளிருப்பதையெல்லாம் சுற்றுப்புறத்தில் கொட்டி, அழற்சியை வரவழைப்பது. ஊமைக்காயத்தில் தோல் கிழியாமலே வீக்கமும் சூடும் வலியும் வருவது பெரிதும் இதனால். மற்றொன்று அபோப்டோசிஸ்: செல் தானே சுருங்கி, சவ்வுக்குள் பொதியப்பட்ட சிறு துண்டுகளாகப் பிரிந்து, அண்டைச் செல்களுக்குத் தொல்லை தராமல் அகற்றப்படுவது. இந்தப் பெயரை ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கர்ரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1972-இல் வைத்தார்கள். ஒரு சிறு உருளைப்புழுவினத்தில், வளர்ச்சியின்போது உருவாகும் 1090 செல்களில் சரியாக 131 செல்கள் இவ்வாறு தாமே இறப்பதைக் கண்டறிந்து, அதற்கான மரபணுக்களையும் அடையாளம் கண்ட ஆய்வுகளுக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. காயத்தில் இரண்டு வகையும் கலந்தே வரும்: அடியின் மையத்தில் செல்கள் வெடித்துச் சாகின்றன, ஓரங்களில் இருப்பவற்றில் சில, பழுது தீர்க்க முடியாத அளவு என்று உணர்ந்து, மணிக்கணக்கில், சிலவேளை நாள்கணக்கில் தாமதமாக அபோப்டோசிஸில் முடிகின்றன.

இறந்த செல்லின் இடத்தில் என்ன வரும் என்பது உறுப்பைப் பொறுத்தது. தோலும் கல்லீரலும் புதிய செல்களால் நிரம்பும். இதயத்தில் வடுதான் நிரம்பும்.

கேள்வி: கொதிக்கும் எண்ணெய் கையில் தெறித்தது. தண்ணீர் ஊற்றினால் கொப்புளம் வரும் என்று சொல்லி, பக்கத்து வீட்டு அக்கா பற்பசை தடவினார். எது சரி?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தண்ணீர்தான் சரி. அந்த அக்காவின் அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக வந்த அச்சம் அது. கொப்புளம் வருவது தீப்பட்ட ஆழத்தினால், தண்ணீரினால் அல்ல.

சூடு செல்லைக் கொல்வது இரண்டு அளவுகளின் கூட்டால்: எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம். 1947-இல் வெளியான மோரிட்ஸ், ஹென்ரிக்வெஸ் இருவரின் ஆய்வின்படி, 44 டிகிரி செல்சியஸ் சூடு தோலைக் கொல்வதற்குச் சுமார் 6 மணி நேரம் ஆகிறது. 60 டிகிரிக்கோ சில விநாடிகளே போதும். எண்ணெயைத் துடைத்த பிறகும், அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச்சட்டியைப் போலத் தோல் தனக்குள் சூட்டை வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தைக் குறைப்பதே தண்ணீரின் வேலை.

பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் டக்ளஸ் ஜாக்சன் 1953-இல் தீக்காயத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். நடுவட்டத்தில் புரதங்கள் உறைந்து செல்கள் இறந்துவிட்டன. அவற்றுக்கு இனி எதுவும் செய்ய இயலாது. வெளிவட்டம் சிவந்திருக்கும், தானே ஆறிவிடும். இவற்றுக்கு இடைப்பட்ட வட்டத்தில்தான் நம் கவனம் இருக்க வேண்டும். அங்குள்ள செல்கள் உயிரோடு இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கு வரும் ரத்தம் தேங்கத் தொடங்கிவிட்டது. குளிர்வித்து, நீர்ச்சத்தும் குறையாமல், கிருமி அண்டாமல் பார்த்துக்கொண்டால் அவை பிழைக்கும். கைவிட்டால் ஒன்றிரண்டு நாட்களில் நடுவட்டத்தோடு சேர்ந்துவிடும். முதல் நாள் மேலோட்டமாகத் தெரிந்த புண் மூன்றாம் நாள் ஆழமாகிவிடுவதைப் பார்த்து, மருந்து சரியில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடந்திருப்பது இந்த இடைவட்டத்தின் இழப்புதான்.

ஆகவே வளையலையும் மோதிரத்தையும் உடனே கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் புண் மீது ஓடவிடுங்கள். உடனே செய்ய இயலாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்வது பயன் தரும். பனிக்கட்டி வேண்டாம், அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இடைவட்டத்துக்கு வரும் கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடும். பற்பசை, மை, மஞ்சள், முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம். குழந்தைக்குப் பெரிய அளவில் சுட்டிருந்தால், புண்ணில் மட்டும் தண்ணீர் ஊற்றி, மற்ற உடலைத் துணியால் மூடி வையுங்கள்; உடல் குளிர்ந்துபோனால் அதுவே வேறோர் ஆபத்து.

கேள்வி: முழங்கை எலும்பு முறிந்த என் ஆறு வயது மகனுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். இரவில் தாங்க முடியாத வலி என்று அழுதான். திரும்ப அழைத்துச் சென்றதும் கட்டை நீளவாக்கில் வெட்டிப் பிரித்துவிட்டார்கள். எலும்பு கூடாமல் போய்விடாதா?
– ஒரு தந்தை, மன்னார்குடி

பதில்: எலும்பை மறுபடி சரிசெய்துகொள்ளலாம், தசை செத்துவிட்டால் மீட்க முடியாது. உங்கள் மகனின் அழுகையை நம்பி இரவிலேயே அழைத்துச் சென்றீர்கள், அதனால்தான் கை பிழைத்தது. முன்கைத் தசைகள் விரியாத உறைகளுக்குள் அடங்கியிருப்பவை. முறிவினால் உள்ளே வீக்கம் ஏறி, வெளியே கட்டும் இறுகினால், உறைக்குள் அழுத்தம் உயர்ந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்ளும். மணிக்கட்டில் நாடி தெரியும்போதே உள்ளே தசைச் செல்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். சுமார் ஆறு மணி நேரம் அந்நிலை நீடித்தால் விரல்கள் மடங்கி இறுகிப்போகும் நிரந்தர ஊனம் வரும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மான் இதை 1881-இலேயே விவரித்திருக்கிறார். முறிவுக்குப் பொருந்தாத அளவு வலி, விரலைப் பிறர் நீட்டும்போது வலி கூடுதல், மரத்துப்போதல் ஆகியவை எச்சரிக்கைகள். மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டும் நாட்டுக்கட்டுக்கும் இது முழுமையாகப் பொருந்தும். எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதும் கூடாது. சிதைந்த தசைக்குள் எலும்பு முளைப்பதற்கு அதுவே காரணமாகிவிடக்கூடும்.

கேள்வி: மனக்கவலையும் செல்களைத் தாக்கும் என்று படித்தேன். படுக்கையில் கிடக்கும் என் கணவரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் நோய் வந்துவிடுமோ என்ற பயம் புதிதாகச் சேர்ந்துகொண்டது.
– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: அம்மா, உங்களைப் போன்றவர்களையே நேரடியாக ஆராய்ந்த ஒரு நல்ல ஆய்வு உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களின் கையிலும், அந்தச் சுமை இல்லாத 13 பெண்களின் கையிலும், ஒரே அளவான மிகச் சிறிய காயம் ஒன்றை உண்டாக்கி, அது ஆறுவதைக் கவனித்தார்கள். பராமரிப்பவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. 1995-இல் வெளியான அந்த ஆய்வு சிறியதுதான். ஆனால் நெடுங்கால மன அழுத்தத்தில் கார்டிசால் போன்ற சுரப்புகள் மிகுந்து, காயத்தைத் துப்புரவு செய்யும் செல்களின் வேலையை மந்தப்படுத்துகின்றன என்பதோடு அது ஒத்துப்போகிறது. நோயுற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாய்மாரிடம் எலிசா எபெல், எலிசபெத் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 2004-இல் நடத்திய ஆய்வில், பராமரிப்பு ஆண்டுகள் கூடக் கூட, ரத்தச் செல்களின் குரோமோசோம் நுனிகள் குறுகியிருந்தன; இது செல் மூப்படைவதன் ஓர் அடையாளம்.

இவை கூட்டத்தைப் பற்றிய கணக்குகள். உங்களுக்கு இன்ன நோய் வரும் என்று எதுவும் சொல்லவில்லை. கவலைப்பட்டதால்தான் நோய் வந்தது என்று நோயாளியிடமே சொல்லும் வழக்கத்தை நான் கொடுமை என்றே கருதுகிறேன். உங்களுக்கு வேண்டியது மற்றொரு பயம் அல்ல, வாரத்தில் சில மணி நேரம் உங்கள் இடத்தில் வேறொருவர் இருப்பது. பிள்ளைகளிடமோ உறவினரிடமோ இதை உதவியாகக் கேட்க வேண்டாம், உரிமையாகவே கேளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் தொடர்ந்து ஐந்தாறு மணி நேரமாவது உறங்க வழிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: உப்பளத்தில் வேலை செய்கிறோம். மழைக்காலம் முடிந்து வேலை தொடங்கும் முதல் வாரத்தில்தான் மயக்கம் போட்டு விழுகிறவர்கள் அதிகம். பிறகு உடம்பு பழகிவிடுகிறது. உண்மையில் எது பழகுகிறது?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: ஐயா, நீங்கள் கவனித்தது முற்றிலும் உண்மை. வெப்பத்துக்குப் பழக உடலுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதில் வீணாகும் உப்பு குறைகிறது, ரத்தத்தில் நீரளவு கூடுகிறது. செல்லுக்குள்ளும் ஒரு பழக்கம் நடக்கிறது. சூட்டில் புரதங்கள் தம் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கும்போது, அவற்றைப் பிடித்து மீண்டும் உரிய வடிவத்துக்கு மடித்துவிடும் வேறு சில புரதங்களைச் செல் உற்பத்தி செய்கிறது. இத்தாலிய ஆய்வாளர் ஃபெருசியோ ரிடோசா பழ ஈக்களின் செல்களை வைத்திருந்த பெட்டியில் தற்செயலாக வெப்பம் கூடிவிட்டபோது, குரோமோசோம்களில் சில இடங்கள் புடைத்ததைக் கண்டு 1962-இல் எழுதியதே இந்தக் கண்டுபிடிப்பின் தொடக்கம். வெப்ப அதிர்வுப் புரதங்கள் என்று இன்று அழைக்கப்படும் இவை, ஒருமுறை அளவான சூட்டைக் கண்ட செல்லை அடுத்த சூட்டுக்குத் தயாராக்குகின்றன.

இந்தக் காப்புக்கும் எல்லை உண்டு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் குடல், கல்லீரல், மூளை, தசை என எங்கும் செல்கள் சிதையத் தொடங்கும். நாள்தோறும் நீர் வற்றி வேலை செய்வது சிறுநீரகத்தையும் மெல்லப் பாதிக்கிறது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. ஆகவே முதல் வாரத்தில் வேலை நேரத்தைப் பாதியாகத் தொடங்கி நாள்தோறும் கூட்டுவதும், நிழலும் குடிநீரும் கழிப்பறையும் தருவதும் முதலாளியின் கடமை. கழிப்பறை இல்லை என்பதற்காகப் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்வதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

ஒருவர் உடல் கொதித்து, பேச்சுக் குழறினாலோ நினைவு தப்பினாலோ, வண்டி வரும் வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், மேலாடையைத் தளர்த்தி, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் உடல் முழுவதும் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை கொடுக்க வேண்டாம். இது காய்ச்சல் அல்ல, அந்த மாத்திரையால் இந்தச் சூடு இறங்காது, ஏற்கெனவே நலிந்திருக்கும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.